இரண்டு பக்கங்களின் கலை: பல்கலைக்கழக நூலகத்தில் மருத்துவ வரலாற்றுக் கண்காட்சி அமைப்பது எப்படி

ஓவியத்தைச் சுவரில் மாட்டினால் முழு ஓவியமும் கண்ணுக்குத் தெரியும். சிற்பத்தைச் சுற்றி வந்து பார்க்கலாம். எழுநூறு பக்கங்கள் கொண்ட ஓர் உடற்கூற்று நூலைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தாலோ, வருகிறவர் காண்பது எதிரெதிரே விரிந்து கிடக்கும் இரண்டு பக்கங்களை மட்டுமே. கலையையும் மருத்துவ வரலாற்றையும் சேர்த்து ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் கண்காட்சி அமைக்க முன்வருகிறவர் இதை மனத்தில் இருத்திக்கொண்டே தொடங்க வேண்டும். எந்த நூல்களை வைப்பது என்பதைவிட, ஒவ்வொரு நூலிலும் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதே இந்த வேலையின் உயிர்நாடி. பக்கம் முடிவாகிவிட்டால் அதற்கேற்ற தாங்கி, வெளிச்சம், விளக்க அட்டை, அடுத்த பேழையில் வர வேண்டியது ஆகிய யாவும் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

கேள்வியிலிருந்து தொடங்குதல்

'மருத்துவமும் கலையும்' என்று பொதுவாக ஒரு தலைப்பை வைத்துக்கொண்டு அலமாரிக்குப் போனால், நல்ல படமுள்ள ஒவ்வொரு நூலும் உள்ளே நுழையப் பார்க்கும். முடிவில் அழகான படங்களின் அணிவகுப்பு ஒன்று கிடைக்குமே தவிர, பார்த்தவர் வீட்டுக்கு எடுத்துச் செல்ல எதுவும் இராது. ஆகவே ஒரே ஒரு கேள்வியை எழுதி மேசைக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லாத நூல், எவ்வளவு அரியதாக இருந்தாலும், அலமாரியிலேயே இருக்கட்டும்.

எடுத்துக்காட்டாக, "உடலை வரைந்தவர் யார்?" என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். எளிய கேள்விபோலத் தோன்றும் இது, நான்கு பேழைகளை நிரப்பப் போதுமானது. உடற்கூற்று அறிஞர் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ் 1543-இல் பாசெல் நகரில் அச்சிட்ட 'மனித உடலின் கட்டமைப்பு' என்னும் பெருநூலின் படங்களை வரைந்தவர் யார் என்பதில் இன்றும் கருத்து ஒற்றுமை இல்லை. வெனிஸ் ஓவியர் டிஷியனின் பட்டறையைச் சேர்ந்தவர்கள் என்றும், யான் ஸ்டெவன் வான் கால்கர் என்றும் சொல்லப்படுகிறது. 1747-இல் லெய்டன் நகரில் வெளிவந்த அல்பினஸின் எலும்பு, தசைப் படத்தொகுப்பில் ஓவியர் யான் வாண்டெலாரின் கைவண்ணம் ஒளிவுமறைவின்றி நிற்கிறது. 1774-இல் மருத்துவர் வில்லியம் ஹண்டர் வெளியிட்ட கருப்பை பற்றிய நூலில் கதை வேறு: பெரும்பாலான படங்களை வரைந்தவர் யான் வான் ரிம்ஸ்டைக், ஆனால் முன்னுரையில் ஹண்டர் நன்றி சொல்வது செப்புத்தட்டில் செதுக்கிய ராபர்ட் ஸ்ட்ரேஞ்சுக்கு, வரைந்தவரின் பெயர் அங்கே இல்லை. 1858-இல் வந்த கிரேயின் உடற்கூற்று நூலுக்குப் படம் வரைந்த ஹென்றி வாண்டைக் கார்ட்டர் தாமே ஒரு மருத்துவர். முகப்புப் பக்கத்தின் மெய்ப்பில் கார்ட்டரின் பெயரைச் சிறிய எழுத்தில் போடும்படி ஹென்றி கிரே தம் கையாலேயே திருத்தினார்.

இந்த நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதைக் கேள்வியே சொல்லிவிடும். கிரேயின் நூலில் திறக்க வேண்டியது எலும்புக்கூட்டுப் படத்தையன்று, முகப்புப் பக்கத்தை. இரண்டு பெயர்களின் எழுத்தளவில் இருக்கும் வேறுபாட்டை விளக்க அட்டை சுட்டிக் காட்டினால் போதும். பார்வையாளர் குனிந்து பார்ப்பார். ஹண்டரின் நூலில் முன்னுரையும் படமும் ஒரே விரிப்பில், அதாவது எதிரெதிரான இரண்டு பக்கங்களில், வரா என்பதால், படத்தைத் திறந்து வைத்து, முன்னுரையின் நகலைப் பக்கத்தில் வைக்க வேண்டியிருக்கும். இப்படி ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு காரணம் இருக்கும்போது கண்காட்சி தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடுகிறது.

கேள்வி வேறாகவும் இருக்கலாம். நோயை எண்களாகவும் வரைபடமாகவும் காட்டியவர்கள் என்று எடுத்தால், 1854-இன் லண்டன் காலராவை வரைபடத்தில் குறித்த ஜான் ஸ்னோவும், 1858-இல் படைவீரர் இறப்புகளை வண்ண வட்டத் துண்டுகளாக அச்சிட்ட ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலும் அருகருகே அமர்வார்கள். உங்கள் நூலகத்தில் எது வலுவாக இருக்கிறதோ, அதற்கேற்பக் கேள்வியை வளைத்துக்கொள்வதில் தவறில்லை.

அலமாரியில் தேடுதல்

நூற்பட்டியலை மட்டும் நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது. பட்டியலில் ஆசிரியர் பெயர், ஆண்டு, 'படங்களுடன்' என்ற ஒரு சொல் ஆகியவை இருக்கும். படம் வரைந்தவரின் பெயரும் செதுக்கியவரின் பெயரும் பெரும்பாலும் இரா. அரிய நூல் பிரிவின் பொறுப்பாளரிடம் முறையாக அனுமதி பெற்று, அலமாரியின் முன் நின்று, ஒவ்வொரு நூலையும் எடுத்துப் பார்ப்பதற்கு மாற்று வழி கிடையாது. இதற்கு நான் இரண்டு மாதம் ஒதுக்குவேன், அது மிகையன்று.

பார்க்கும் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பெண் (அலமாரியில் நூலின் இடத்தைக் காட்டும் எண்), பக்க எண், விரித்த நிலையில் அகலமும் உயரமும், நூல் வலிந்து இழுக்காமல் எத்தனை பாகை வரை திறக்கிறது, முதுகின் நிலை, கறை, கிழிசல், கையால் தீட்டிய வண்ணம் உண்டா என்பவற்றை அங்கேயே எழுதிவிட வேண்டும். திறப்புக் கோணத்தை அலட்சியம் செய்யாதீர்கள். பிற்காலத்தில் இறுக்கமாக மறுகட்டுச் செய்யப்பட்ட பழைய நூல்கள் சில 90 பாகைக்கு மேல் திறக்க மறுக்கும்; நீங்கள் ஆசைப்பட்ட படம் நடு மடிப்புக்குள் பாதி புதைந்து போயிருக்கும். அதைப் பேழை நிறுவும் நாளில் தெரிந்துகொள்வது தாங்க முடியாத ஏமாற்றம்.

வெள்ளைப் பருத்திக் கையுறை பற்றி ஒரு சொல். பழைய நூல் என்றதும் அதை அணியச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாளின் ஓரத்தைக் கையுறைத் துணி உணராது. நூலிழை பிசிறில் மாட்டிக் கிழிக்கவும் செய்யும். கழுவி நன்றாக உலர்த்திய வெறுங்கையே பெரும்பாலான நூல்களுக்கு ஏற்றது. இரண்டு விலக்குகள் உண்டு. ஒளிப்படங்களுக்கு நைட்ரில் என்னும் செயற்கை ரப்பர்க் கையுறை வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சைத் துணி அட்டை போட்ட நூல்களுக்கும் அதுவே. அந்த மரகதப் பச்சை நிறமியில் ஆர்சனிக் இருக்கக்கூடும். மருத்துவ வரலாற்றுக் கண்காட்சிக்கு அந்த அட்டையே ஒரு காட்சிப்பொருளாகவும் ஆகலாம், மூடிய பேழைக்குள் இருக்கும்வரை.

நூலைப் புரட்டும்போது மூலைகளைப் பாருங்கள். அல்பினஸின் எலும்புக்கூடு ஒன்றின் பின்னால், புல்வெளியில், ஒரு காண்டாமிருகம் மேய்ந்துகொண்டிருக்கிறது. அது கிளாரா என்ற பெயருடன் அக்காலத்து ஐரோப்பாவெங்கும் காட்சிக்குக் கொண்டு செல்லப்பட்ட உண்மையான விலங்கு. எலும்புக்கூட்டுக்கு முன்னால் வலைக்கட்டம் பிடித்து அளவெடுத்து வரையும் அளவுக்குக் கறாராக இருந்த அதே ஓவியர், பின்புலத்தில் இதை வைத்திருக்கிறார். வெசாலியஸின் முகப்புப் படத்திலும் இப்படி ஒன்று உண்டு: பேராசிரியர் தாமே உடலை அறுத்துக் காட்டிக்கொண்டிருக்க, அதுவரை அந்த வேலையைச் செய்துவந்த நாவிதர்கள் மேசைக்கு அடியில் தள்ளப்பட்டிருக்கிறார்கள். மூலையில் கிடக்கும் இத்தகைய செய்திகளே பேழைக்கு முன்னால் ஆளை நிறுத்தி வைப்பவை. நடுவில் இருக்கும் எலும்பை எல்லோரும் எப்படியும் பார்த்துவிடுவார்கள்.

வெளிச்சக் கணக்கு

தாளுக்கும் வண்ணத்துக்கும் வெளிச்சம் செய்யும் கேடு மீளாதது. வெளுத்த சிவப்பு இருட்டில் வைத்தால் திரும்பி வராது. விளக்கின் செறிவும் நேரமும் பெருகி வரும் தொகையே இங்கே கணக்கு. லக்ஸ் என்பது ஒளிச்செறிவின் அலகு; இந்தத் தொகையை லக்ஸ்-மணி என்று சொல்வர். எளிதில் வெளுக்கும் பொருள்களுக்கு 50 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது என்பதும், ஆண்டுக்கு 15,000 லக்ஸ்-மணி என்பதும் உலகெங்கும் காப்பகங்கள் பின்பற்றும் அளவுகள். மிக மென்மையான வண்ணங்களுக்கே இந்தக் கடுமை. கந்தல் துணியிலிருந்து செய்த பழைய தாளில் கரி மையால் அச்சான கறுப்பு வெள்ளைப் படம் இதைவிடப் பன்மடங்கு தாங்கும். கையால் வண்ணம் தீட்டிய படம், நீர்வண்ணம், பழைய ஒளிப்படம், சிலவகை எழுதுமைகள் ஆகியவற்றையே கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விளக்கு 50 லக்ஸ். நாளுக்கு 8 மணி நேரம். வாரத்துக்கு 6 நாள். கண்காட்சி 12 வாரம். 72 நாள்களுக்கு 28,800 லக்ஸ்-மணி ஆகிறது. ஆண்டு அளவைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. ஆறாம் வாரம் முடிந்ததும் வேறொரு படத்தைத் திறந்துவிட்டால், ஒவ்வொரு விரிப்பும் 14,400 லக்ஸ்-மணியோடு தப்பிவிடும். ஆகவே வண்ணப்படம் உள்ள ஒவ்வொரு நூலுக்கும் தொடக்கத்திலேயே இரண்டு பக்கங்களைத் தேர்ந்து, இரண்டு விளக்க அட்டைகளை எழுதி வைத்துவிட வேண்டும். பக்கம் மாற்றும் நாளை அறிவித்தால், முன்பே வந்து பார்த்தவர் மறுபடியும் வருவதற்கு அதுவே ஒரு காரணமாகிவிடும்.

நான் முதன்முதலில் பொறுப்பேற்ற கண்காட்சி ஒன்றில் லக்ஸ் மீட்டரை வைத்துப் பேழைகளை அளந்தது காலை பத்து மணிக்கு. அளவு எல்லாம் சரியாகவே இருந்தது. மூன்றாம் வாரத்தில் ஒருநாள் மாலை நாலரை மணிக்குத் தற்செயலாக அந்தப் பக்கம் போனேன். மேற்குச் சன்னலின் திரைக்கு நடுவே விரலளவு இடைவெளி. அதன் வழியே சாய்ந்து வந்த வெயில், கையால் வண்ணம் தீட்டிய ஒரு தோல்நோய்ப் படத்தின் கன்னத்தில் ஒரு கோடாக விழுந்திருந்தது. அன்றே நூலை மூடினோம். அதற்குப் பிறகு, நூல் எதுவும் உள்ளே வருமுன், வெற்றுப் பேழையை ஒரு முழு நாள் மணிக்கு மணி அளக்காமல் நான் விடுவதில்லை. விளக்குகளைவிடச் சன்னல்களே ஆபத்தானவை. நேர்வெயில் பல்லாயிரம் லக்ஸ் கொண்டது. புறஊதாக் கதிரையும் பார்க்க வேண்டும். ஒரு லூமனுக்கு 75 மைக்ரோவாட் என்பதே பொதுவாக ஏற்கப்படும் உச்ச அளவு, நல்ல எல்.இ.டி. விளக்குகள் அதற்கு வெகு கீழே நிற்கும்.

பேழையும் தாங்கியும்

பேழையின் உள்ளே இருக்கும் காற்றைப் பற்றிப் பலரும் நினைப்பதில்லை. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையும் ஓக் மரமும் அமில ஆவிகளை விடுகின்றன, பி.வி.சி., ரப்பர், கம்பளித் துணி ஆகியவையும் உள்ளே இருக்கக் கூடாதவை. புதிதாக வர்ணம் பூசிய பேழையைக் குறைந்தது சில வாரங்களாவது திறந்து உலர விட வேண்டும். அடித்தளத்துக்கு அமிலமற்ற அட்டையும் சாயம் போகாத பருத்தித் துணியும் போதும். ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் ஏற்ற இறக்கமின்றி இருப்பது நல்லது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தானே பதிவுசெய்யும் ஒரு சிறு டேட்டா லாகரைப் பேழைக்குள் மறைவாக வைத்துவிட்டால், இரவில் குளிர்சாதனம் நிறுத்தப்படும்போது என்ன நடக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும். தேவையானால் ஈரப்பதத்தைச் சீராக வைக்கும் பதப்படுத்திய சிலிக்கா ஜெல்லை அடித்தட்டில் வைக்கலாம்.

தாங்கி என்பது நூல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அளவெடுத்துச் செய்ய வேண்டியது. இரண்டு அட்டைகளும் முழுமையாகத் தாங்கப்பட வேண்டும். முதுகு அந்தரத்தில் தொங்கவும் கூடாது, கீழே அழுந்தவும் கூடாது. அமிலமற்ற கெட்டி அட்டையை மடித்து ஒட்டியே மிக நல்ல தாங்கிகளைச் செய்யலாம். திறந்த பக்கங்கள் எழும்பாமல் இருக்க மெல்லிய தெளிந்த பாலிஎஸ்டர் பட்டையால் தளர்வாகச் சுற்றிப் பிடிக்க வேண்டும்; பட்டையின் கூர்விளிம்பு தாளின் ஓரத்தை அறுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நூலைச் செங்குத்தாக நிறுத்தினால் தூரத்திலிருந்து எடுப்பாகத் தெரியும்தான். ஆனால் உள்தாள்களின் எடை முழுவதும் நூலின் கட்டமைப்பை இழுத்துக்கொண்டிருக்கும். 20 பாகைக்கு மேல் சாய்க்காமல் இருப்பது என் வழக்கம்.

மடிப்புப் படங்களும் மடல் படங்களும் தனிச் சிக்கல். யோகான் ரெம்மெலின் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட உடற்கூற்றுத் தாள்களில், தோலைத் தூக்கினால் தசை, அதைத் தூக்கினால் குடல் என்று அடுக்கடுக்காகத் தாள் மடல்கள் ஒட்டப்பட்டிருக்கும். அதைப் பேழைக்குள் அசையாமல் வைத்தால் அதன் உயிரே போய்விடும். இங்கேதான் நகல் கைகொடுக்கிறது. நூலை உயர்தரத்தில் படியெடுத்து, கெட்டித் தாளில் அச்சிட்டு, மடல்களை வெட்டி ஒட்டி, பேழைக்கு வெளியே ஒரு மேசையில் வைத்துவிடுங்கள். பார்வையாளர் தாமே தோலைத் தூக்கிப் பார்க்கட்டும். முழுக் கண்காட்சியிலும் கூட்டம் நிற்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை: நகலை நகல் என்று அட்டையில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

நகல் இன்னோர் இடத்திலும் உதவும். வெசாலியஸின் தசை மனிதர்கள் சிலரின் பின்னால் தெரியும் நிலக்காட்சிகளைப் பக்கம் பக்கமாக அடுக்கினால், அவை ஒன்றோடொன்று இணைந்து ஒரே நீண்ட காட்சியாகிவிடும். நூலுக்குள் இருக்கும்வரை இது ஒருபோதும் கண்ணில் படாது. அந்தப் பக்கங்களை நகலெடுத்துச் சுவரில் தொடராக ஒட்டி, கீழே பேழையில் மூலநூலின் ஒரே ஒரு விரிப்பை வையுங்கள். இந்தப் படங்களை அச்சிட்ட மரக்கட்டைகள் வெனிசில் செதுக்கப்பட்டு ஆல்ப்ஸ் மலை தாண்டி பாசெலுக்குப் போயின. நான்கு நூற்றாண்டு தாக்குப்பிடித்து, மியூனிக் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தபோது, இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் எரிந்துபோயின. நூலகம் ஒன்றில் நடக்கும் கண்காட்சிக்கு இதைவிட நெருக்கமான செய்தி கிடைப்பது அரிது.

அச்சு முறைகளைப் பற்றி ஒரு சிறு பேழை வைத்தால், மற்ற பேழைகள் அனைத்தும் தெளிவு பெறும். மரக்கட்டை அச்சில் கோடு மேடாக நிற்கும். செப்புத்தட்டில் கோடு பள்ளமாக இருந்து மையை ஏந்தும். கல்லச்சில் பரப்பு சமமாகவே இருக்க, கொழுப்பும் நீரும் ஒட்டாத இயல்பால் படம் விழும். மென்மையான சதையின் நிழலை மரக்கட்டையைவிடச் செப்புத்தட்டு நுணுக்கமாகக் காட்டும். பேழையின் மேல் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை நகரும்படி பொருத்தினால் சொற்கள் குறையும்.

இறந்தவர்களின் முன்னால்

இந்தக் கண்காட்சியில் காட்டப்படுவது மனித உடல். அந்த உடல் ஒருவருடையது. அந்த ஒருவர் பெரும்பாலும் தூக்கிலிடப்பட்டவராகவோ, ஏழையாகவோ, கேட்க ஆளில்லாதவராகவோ இருந்தார். 1632-இல் ரெம்பிராண்ட் தீட்டிய டாக்டர் டுல்ப்பின் உடற்கூற்றுப் பாடத்தில் மேசைமேல் கிடப்பவர் ஆரிஸ் கிண்ட் என்ற, திருட்டுக்காகத் தூக்கிலிடப்பட்ட மனிதர். எடின்பரோவில் பர்க்கும் ஹேரும் உடற்கூற்று மேசைக்கு விற்பதற்காகவே கொலைகள் செய்தது 1828-இல் அம்பலமானது. அதைத் தொடர்ந்து 1832-இல் வந்த பிரிட்டிஷ் சட்டம், உரிமை கோருவாரற்ற ஏழைகளின் உடல்களை மருத்துவக் கல்விக்குத் திருப்பிவிட்டது. இவற்றைச் சொல்லாமல் படத்தின் அழகை மட்டும் சொல்வது அரைகுறை வேலை.

மிகக் கடினமான நூல் வியன்னாவின் உடற்கூற்றுப் பேராசிரியர் பெர்ன்கோப்பின் உடற்கூற்றுப் படத்தொகுப்பு. முதல் தொகுதி 1937-இல் வந்தது. ஓவிய நேர்த்தியில் இணை சொல்வது கடினம். ஓவியர்கள் சிலர் தம் கையொப்பத்தோடு நாஜிச் சின்னங்களைச் சேர்த்திருந்தார்கள். பின்னர் வந்த பதிப்புகளில் அவை அழிக்கப்பட்டன. 1998-இல் வெளியான வியன்னா பல்கலைக்கழக விசாரணை, நாஜி ஆட்சியில் கொல்லப்பட்டவர்களின் உடல்கள் அதன் உடற்கூற்று நிறுவனத்துக்குப் பெருமளவில் வந்ததை உறுதி செய்தது. இந்த நூல் உங்கள் நூலகத்தில் இருந்தால் என்ன செய்வது? என் கருத்தில், உடலைக் காட்டும் பக்கத்தைத் திறக்க வேண்டியதில்லை. நூலை மூடியே வைத்து, அருகில் முழு வரலாற்றையும் எழுதலாம். கண்காட்சி முழுவதிலும் மூடி வைக்கத் தகுந்த ஒரே நூல் அது. மூடி வைத்திருப்பதன் காரணத்தையும் அட்டையில் சொல்லிவிடுங்கள்.

நோயாளிகளின் ஒளிப்படங்களுக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். முகம் தெரியும் படத்தை, எவ்வளவு பழையதாக இருந்தாலும், வைக்கத்தான் வேண்டுமா என்று இரண்டு பேரிடமாவது கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அவர்களில் ஒருவர் மருத்துவத் துறைக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். நூலகம் என்பது படிக்க வருகிறவர்கள் தற்செயலாகக் கடந்து போகும் இடம். அதிர்ச்சி தரும் படங்களை நடைபாதைப் பேழையில் வைக்காமல் உள்ளறையில் வைத்து, வாயிலில் ஓர் அறிவிப்பு வைப்பது மரியாதை.

விளக்க அட்டை எழுதுதல்

பேழைக்கு முன் நிற்கிறவர் ஓர் அட்டைக்குத் தருவது அரை நிமிடம் இருந்தால் அதிகம். தமிழில் ஓர் அட்டைக்கு 60 சொற்களை நான் எல்லையாக வைத்துக்கொள்கிறேன். நுழைவுப் பலகைக்கு 120. எழுத்தளவு 18 பாயிண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். கண்ணாடிக்கு அப்பால், குறைந்த வெளிச்சத்தில், சுழியும் கொம்புமாக நெருங்கி வரும் தமிழ் எழுத்துக்கு 20 இன்னும் நல்லது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. படத்தின் மேல் எழுத்தை ஏற்றுவது டிசைனருக்குப் பிடிக்கும், வாசகருக்குப் பிடிக்காது. சக்கர நாற்காலியில் வருகிறவரும் சிறுவரும் வாசிக்கும் உயரத்தில் அட்டை சாய்ந்திருக்க வேண்டும்.

முதல் வரி பக்கத்தில் தெரியும் ஒன்றைச் சுட்ட வேண்டும். பின்வரும் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். "அல்பினஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் தலைசிறந்த உடற்கூற்று அறிஞர்களில் ஒருவர் ஆவார். இவரது இந்நூல் 1747-இல் வெளியிடப்பட்டது." இதை எந்தக் கலைக்களஞ்சியத்திலிருந்தும் வெட்டி ஒட்டலாம், நூல் எந்தப் பக்கத்தில் திறந்திருந்தாலும் பொருந்தும். "எலும்புக்கூட்டின் கால்களுக்குப் பின்னால் மேய்கிற காண்டாமிருகத்தைப் பாருங்கள். இதன் பெயர் கிளாரா. எலும்பை நூலளவு பிசகாமல் வரைந்த ஓவியர் வாண்டெலார், பின்புலத்தில் மட்டும் தம் விருப்பத்துக்கு இடம் கொடுத்தார்." இது இந்த ஒரு பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். ஆசிரியர், நூல், ஆண்டு, அச்சான ஊர், அழைப்பெண் ஆகியவை சிறிய எழுத்தில் அடியில் இருந்தால் போதும்.

சொல் தேர்வில் ஒரு பொறி இருக்கிறது. பேச்சில் நரம்பு என்றால் கையில் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயும் அதுவே, குதிகாலில் இழுத்துப் பிடிக்கும் தசைநாணும் அதுவே. விளக்க அட்டையில் அப்படி எழுதினால் படமே தவறாகப் புரிந்துகொள்ளப்படும். தமனி, சிரை, தசைநாண், நரம்பு என்று பிரித்து எழுதி, முதல்முறை வரும் இடத்தில் சுருக்கமாகப் பொருள் சொல்லிவிட வேண்டும். இந்தத் திண்டாட்டம் நமக்குப் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், 1872-இல் கிரேயின் நூலை 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழில் கொண்டுவந்தபோது, ஒவ்வோர் உறுப்புக்கும் சொல் தேட வேண்டியிருந்தது.

எழுதி முடித்த அட்டைகளை இரண்டு பேரிடம் கொடுத்துப் படிக்கச் செய்யுங்கள். மருத்துவப் பேராசிரியர் ஒருவர் உடற்கூற்றுப் பிழைகளைக் கண்டுபிடிப்பார். இந்தத் துறைக்குத் தொடர்பே இல்லாத இளங்கலை மாணவர் ஒருவர் எந்த வரியில் கவனம் தவறியது என்று சொல்வார். என் அனுபவத்தில் இரண்டாமவரின் குறிப்புகளே அதிகம் பயன்பட்டன.

நாள்காட்டி

குறைந்தது ஒன்பது மாதம் முன்னதாகத் தொடங்குங்கள். முதல் மூன்று மாதம் கேள்விக்கும் அலமாரிக்கும். அடுத்த இரண்டு, பாதுகாப்பு வல்லுநரோடு நூல்களின் நிலையைப் பார்த்துத் தாங்கி செய்ய. பிறகு எழுத்தும் வடிவமைப்பும் அச்சும். வேறு நூலகத்திலிருந்து ஏதேனும் கடன் வாங்குவதானால் ஒப்பந்தம், காப்பீடு, போக்குவரத்து ஆகியவற்றுக்கே ஆறு மாதம் போய்விடும். முதல் கண்காட்சியில் கடன் நூல் வேண்டாம் என்பேன். பேழைக்கு நூல் போகுமுன் நிலை அறிக்கை ஒன்றை ஒளிப்படங்களோடு எழுதி வையுங்கள். பக்கத்தில் ஏற்கெனவே இருந்த கறை பின்னால் உங்கள் கணக்கில் ஏறாமல் இருக்க அது ஒன்றே காப்பு.

நிறுவும் வாரத்தில் வரிசை முக்கியம். வெளிச்சத்தைச் சரிசெய்து, தாங்கிகளையும் அட்டைகளையும் வைத்து, பூட்டுகளைச் சோதித்து, கடைசியாகத்தான் நூல்கள் வர வேண்டும். ஏணியும் துளைக்கருவியும் அறையில் இருக்கும்போது பேழை திறந்திருக்கக் கூடாது. திறந்த பிறகு வாரம் ஒருமுறை பேழைகளைச் சுற்றி வந்து, பட்டை தளர்ந்ததா, பக்கம் வளைந்ததா, டேட்டா லாகர் என்ன சொல்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

கண்காட்சி முடிந்த மறுநாள், நூல்களை நிலை அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்து, மெல்ல மூடி, கட்டு தளர்வு நீங்கத் தட்டையாகப் படுக்க வையுங்கள். நூற்பட்டியலில் அந்த நூலுக்கான பதிவைத் திறந்து, முன்பு இல்லாதிருந்த ஓவியரின் பெயரையும் செதுக்கியவரின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். காட்சிப்பதிவேட்டில், எந்தப் பக்கம், எத்தனை நாள், எத்தனை லக்ஸ்-மணி என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். அடுத்து வருகிறவர் அதைப் பார்த்து வேறொரு பக்கத்தைத் திறப்பார்.